யூரியா வாளி ஏன் குளிர்கிறது?

அன்புள்ள ஐயா,

பயிருக்குத் தெளிக்க யூரியாவைக் கரைக்கும்போதெல்லாம் வாளி சில்லிட்டுப்போகிறது. வெப்பத்தை வெளிவிடும் வினைதான் தானாக நடக்கும் என்று அந்தக் காலத்தில் படித்த நினைவு. யூரியா வெப்பத்தை இழுத்துக்கொண்டு அல்லவா கரைகிறது? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளைக் கேட்டேன். “என்ட்ரோபி கூடுகிறது, அதாவது ஒழுங்கின்மை” என்றாள். வெப்பமும் ஒழுங்கின்மையும் எப்படி ஒரே சமன்பாட்டுக்குள் வருகின்றன என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. நீங்கள் விளக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாளியைத் தொட்டுப் பார்த்து எழுந்த கேள்வி என்பதால் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் நினைவில் இருப்பதை 19ஆம் நூற்றாண்டில் பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள். டென்மார்க்கின் தாம்சனும் பிரான்சின் பெர்த்தலோவும் அதை விதியாகவே முன்வைத்தார்கள். உங்கள் வாளி அதை மறுக்கிறது. 60 கிராம் யூரியா கரைய ஏறத்தாழ 15 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவைக் கொட்டினால் ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும்.

மகள் சொன்னது சரிதான். ஆனால் ‘ஒழுங்கின்மை’ என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். அது கலைந்து கிடக்கும் மேசையை நினைவூட்டிவிடுகிறது. படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தில் கட்டுண்டு கிடக்கிறது, நீரில் எங்கும் அலையலாம். துகள்களும் ஆற்றலும் எத்தனை வகையில் அமைய முடியும் என்பதன் அளவே என்ட்ரோபி.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். வினை வெளிவிடும் வெப்பம் சுற்றுப்புறத்துக்குப் போய் அங்கே என்ட்ரோபியைக் கூட்டுகிறது. எவ்வளவு என்றால், அந்த வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273ஐக் கூட்டியது) வகுத்த அளவு. ஆகவே என்தால்பி, அதாவது வினை வாங்கும் அல்லது விடும் வெப்பத்தின் கணக்கு என்பதும் என்ட்ரோபிக் கணக்கின் வெளிப்பக்கம்தான். வறண்ட குட்டையில் ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் தெரியும், நிரம்பிய ஏரியில் தெரியாது. அதுபோல ஏற்கெனவே சூடான சுற்றுப்புறத்தில் அதே வெப்பம் சிறிய மாற்றத்தையே உண்டாக்கும். யூரியா வெப்பத்தை இழுப்பதால் வெளியே என்ட்ரோபி குறைகிறது. கரைசலுக்கு உள்ளே கூடியது, வெளியே குறைந்தது இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிப்ஸ் 1870களில் இந்தக் கூட்டலையே வெப்பநிலையால் பெருக்கி, குறியை மாற்றி எழுதினார்: என்தால்பி மாற்றத்திலிருந்து, வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி மாற்றத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது கட்டிலா ஆற்றலின் மாற்றம். அது எதிர்க்குறியாக வந்தால் வினை அந்தத் திசையில் செல்லும். யூரியாவில் வெளியே இழந்ததை உள்ளே கிடைத்தது மிஞ்சிவிடுகிறது.

வெப்பநிலையின் பங்கு சுண்ணாம்புக் காளவாயில் இன்னும் தெளிவாகத் தெரியும். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். அதில் ஒரு மோல், அதாவது 100 கிராம், சுட்ட சுண்ணாம்பாகப் பிரிய 178 கிலோஜூல் வேண்டும். கார்பன் டைஆக்சைடு வாயுவாக விடுபடுவதால் என்ட்ரோபி கெல்வினுக்கு 160 ஜூல் கூடுகிறது. நம் வீட்டு வெப்பநிலையில் (சுமார் 300 கெல்வின்) அந்த 160 ஜூலின் பங்கு 48 கிலோஜூல்தான், 178க்கு அருகில்கூட வராது. அதனால்தான் கடற்கரையில் கிளிஞ்சல் அப்படியே கிடக்கிறது. காளவாயில் அதே 160, பெரிய வெப்பநிலையால் பெருக்கப்பட்டு வென்றுவிடுகிறது.

சிறுவயதில் பொங்கலுக்கு முன்பு வீட்டில் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கட்டிகள் மேல் தண்ணீர் ஊற்றியதும் முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ‘சொய்ங்’ என்ற சத்தம், விரிசல், தொட்டி முழுக்க ஆவி. கிட்டே போகாதே என்று அதட்டுவார்கள். காளவாயில் ஊட்டிய வெப்பத்தில் மோலுக்கு 65 கிலோஜூல் அங்கே திரும்பி வருகிறது. மீதி, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை வாங்கி மறுபடி கார்பனேட் ஆகும்போது வெளியேறுகிறது. வாயு அடைபடுவதால் இங்கே உள்ளே என்ட்ரோபி குறைகிறது; ஆனாலும் சாதாரண வெப்பநிலையில் வெப்பத்தின் கைதான் ஓங்கும். கனமான காரைச் சுவரில் இது முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். கட்டிலா ஆற்றல் திசையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது.

காளவாயில் இரண்டு பக்கமும் சமமாகும் வெப்பநிலையை அறிய, மகளிடம் 178ஐ 0.16ஆல் (160 ஜூல் என்பது 0.16 கிலோஜூல்) வகுக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1,112 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ் வரும். காளவாயின் நெருப்பு எட்ட வேண்டிய சூடு அதுதான்.