மெதுவாக எறிந்தாலும் பந்து ஏன் பாய்கிறது?

கேள்வி: பழைய நின்டெண்டோ வீ கேம் கருவி ஒன்றும், அமெரிக்கக் கால்பந்து விளையாட்டான மேடன் என்.எஃப்.எல் 07 டிஸ்க்கும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தடுக்க நிற்கும் டிஃபெண்டரின் தலைக்கு மேல் மிதந்து போகவேண்டிய பந்து நேராகப் பாய்ந்து எதிரணியின் கைக்குப் போய்விடுகிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஃபீல்டு கோல் அடித்தால் ஓரமாக விலகுகிறது. ஆனால் என் பையன் சோபாவில் சாய்ந்தபடியே சரியாக எறிகிறான். சென்சார் பாரை மாற்றவேண்டுமா? ரிமோட்டில் மாட்டும் கூடுதல் அசைவுக் கருவியான மோஷன்பிளஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இரண்டுக்கும் செலவு செய்யாதீர்கள். சென்சார் பார் என்று பெயர்தான், அதில் சென்சாரே கிடையாது. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டும் உண்டு. ரிமோட்டின் நுனியில் உள்ள சிறு கேமரா அவற்றைப் பார்த்து, திரையில் எங்கே காட்டுகிறீர்கள் என்று கணக்கிடுகிறது. பந்தை எறிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மோஷன்பிளஸ் 2009இல்தான் வந்தது. உங்கள் விளையாட்டு 2006 நவம்பரில், வீ வெளிவந்த அதே மாதம் வந்தது. பின்னால் வந்த கருவியை அதற்குத் தெரியாது.

எறிவதை அறிவது ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி (ஆக்ஸிலரோமீட்டர்) என்ற சிறு சிப். உங்கள் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அது பார்ப்பதில்லை. அது உணர்வது உலுக்கலையும் சாய்வையும் மட்டுமே. உலுக்கலை உணர்வதற்கும் ஓர் அளவு உண்டு: ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 3 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு. பெரியவர் ஒருவர் தோளிலிருந்து வேகமாகக் கையை வீசினால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். அதற்குமேல் எவ்வளவு பலம் போட்டாலும் சிப்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்த விளையாட்டில் பந்தைப் பிடிக்கவேண்டிய வீரரான ரிசீவருக்குரிய பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை முன்னால் வீசவேண்டும். வேகமாக வீசினால் நேராகப் பாயும் புல்லட், மெதுவாக வீசினால் உயர்ந்து மிதக்கும் லாப். பந்தை எறியும் வீரரான நிஜமான குவாட்டர்பேக் மாதிரி கையைப் பின்னால் இழுத்து நீங்கள் எறிகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மனதில் அது மெதுவான வீச்சு. சிப்புக்கோ, பின்னால் இழுத்துச் சட்டென்று நிறுத்துவதும் உலுக்கல், முன்னால் தள்ளுவது இன்னோர் உலுக்கல். பிறகு அது புல்லட்டாகப் போவதில் வியப்பில்லை. பையனின் ரகசியமும் இதுதான். சோபாவில் சாய்ந்திருப்பவனுக்குக் கையை ஓங்க இடமில்லை, மணிக்கட்டு மட்டும் அசைகிறது.

ஆகவே முழங்கையை விலாவோடு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரிமோட்டை மேல்நோக்கிச் சுண்டி ஸ்னாப் எடுங்கள், அதாவது பந்தைக் குவாட்டர்பேக்கின் கைக்கு வரவழையுங்கள். கை நன்றாக நிலைத்த பிறகு ரிசீவரின் பொத்தானை அழுத்துங்கள். லாப் வேண்டுமென்றால் கொடியில் ஈரத் துண்டைப் போடுவதுபோல மணிக்கட்டை முன்னால் சாயுங்கள். புல்லட்டுக்கு, பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறுவோமே, அந்த ஒரே உதறல் போதும். பயிற்சி முறையில் ஒரே ரிசீவருக்கு இந்த இரண்டையும் மாற்றி மாற்றி இருபது முறை எறிந்து பாருங்கள். வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிடும்.

இனி உதை. எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்தது இதுதான், கையே காலாகிவிடுகிறது. ரிமோட்டைத் தரையை நோக்கிப் பிடித்து மேலே சுழற்றுகிறீர்கள். வேகம் மட்டும் போதாது, நேராகவும் வரவேண்டும். நம் கை தோளில் தொங்குவதால், வேகமாக மேலே எழும்போது இயல்பாகவே உடம்பின் குறுக்கே வந்துவிடும், மணிக்கட்டும் கூடவே திரும்பும். பந்து விலகுவது அதனால்தான். ஒரு சோதனை: தொடங்கும்போது ஏ பொத்தான் டிவியைப் பார்க்கட்டும், முடிக்கும்போது அதே பொத்தான் கூரையைப் பார்க்கவேண்டும். சுவரைப் பார்த்தால் மணிக்கட்டு உருண்டிருக்கிறது என்று அர்த்தம். நிஜ என்.எஃப்.எல் மைதானத்திலேயே இரண்டு கம்பங்களுக்கு நடுவே 18 அடி 6 அங்குலம்தான் இடைவெளி. அதனால் முதலில் கிட்டத்திலிருந்து அடித்து நேர்க்கோட்டைப் பழகுங்கள், வேகத்தைப் பிறகு கூட்டலாம்.

எதிரணி வீரரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளுக்கு ரிமோட்டையும், அதோடு இணையும் துணைக் கருவியான நன்சக்கையும் சேர்த்து முன்னால் தள்ளவேண்டும். அங்கேயும் ஒரு சாண் தூரம் போதும்.

வீட்டில் அமெரிக்கக் கால்பந்தே தெரியாதவர்களும் ஆடவேண்டுமென்றால் 2008இல் வந்த மேடன் என்.எஃப்.எல் 09 ஆல்-ப்ளேயைத் தேடுங்கள். அதில் நன்சக் இல்லாமல் ரிமோட்டை மட்டும் வைத்து ஆடும் எளிய முறை உண்டு.

செகண்ட் ஹேண்ட் என்பதால் கடைசியாக ஒன்று. ரிமோட்டின் கைக்கயிற்றை இன்றைக்கே பாருங்கள். முதலில் வந்த கயிறு 0.6 மி.மீ. தடிமன்தான். அறுந்து ரிமோட் பறந்ததாகப் புகார்கள் வந்ததால், 2006 டிசம்பரில் நின்டெண்டோ சுமார் 32 லட்சம் கயிறுகளை 1 மி.மீ. கயிறாக மாற்றித் தர முன்வந்தது. உங்களுடையது மெல்லிய நூல்போல இருந்தால், புதுக் கயிறு வாங்கிக் கட்டும்வரை பையனை ஆட விடாதீர்கள்.