காலில் முள், தொடையிடுக்கில் நெறி: ஏன்?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை, காலில் முள் குத்தி நாலாம் நாள் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது, பயப்படணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலிலிருந்து வரும் நிணநீரை (திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்) வடிகட்டும் முடிச்சுகள் அங்கேதான் இருக்கின்றன. கிருமி வந்து சேர்ந்ததும் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. முடிச்சு வீங்கி வலிக்கிறது. புண் ஆறினால் இதுவும் மெல்ல வடியும். உருவிவிட வேண்டாம், அது வலியைத்தான் கூட்டும். முள் உள்ளேயே தங்கியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமலிருக்க டி.டி. ஊசி.

புண்ணிலிருந்து மேலே சிவப்புக் கோடு ஓடினாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். புதரில் இருக்கும் மிகச் சிறிய சிற்றுண்ணியின் (மைட்) இளம்புழு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலிலும் நெறி கட்டும். வலியே இல்லாமல், கல்லுபோல், 4 வாரம் தாண்டியும் நிற்கும் கட்டி வேறு கதை: காசநோயா, புற்றா என்று ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பார்கள்.