பழைய மாருதி 800-ல் ஹெட்லைட் மங்கல். புது பல்பு போட்டும் சரியாகவில்லை, என்ன செய்வது?

இனி பல்பை மாற்றிப் பணத்தை விடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்து "கரண்ட் சரியா வருது" என்றதாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக பல்பிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்திருப்பார். அப்படி அளந்தால் பாதி இழை அறுந்த ஒயரிலும் 12 வோல்ட் காட்டும், அதில் கரண்டே ஓடவில்லையே. 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும்போதுதான் ஒயரின் லட்சணம் தெரியும்.

எனவே பிளக்கை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டபிறகு பிளக்கின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்து பாருங்கள். என் 800-ல் பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது, பல்பில் வெறும் 11.2. ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். அந்தக் கணக்குப்படி எனக்குப் பாதி வெளிச்சம் வழியிலேயே தொலைந்திருந்தது.

எங்கே தொலைகிறது என்று பார்க்க, லைட் எரியும்போதே ஒரு முனையை பேட்டரி பிளஸிலும் மற்றதை பல்பின் பிளஸிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் இழப்பு. மைனஸ் பக்கமும் இதேபோல. எந்தப் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. ஒரு விஷயம்: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல பழைய கார்களில் பல்பின் பொது முனைக்கு (டிம், பிரைட் இரண்டுக்கும் பொதுவான முனை) பிளஸ் வரும், சுவிட்ச் எர்த் பக்கத்தை, அதாவது மைனஸைத்தான் இணைக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்து அளக்கும்போது, டிம் எரிகையில் பல்பின் மூன்று முனைகளில் இரண்டில் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் உங்கள் வண்டி அந்த வகை.

டிம் போட்டிருக்கும்போது டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு லேசாக மினுங்குகிறதா? அப்படியென்றால் பொது முனையின் இணைப்பு விட்டிருக்கிறது. ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், பித்தளைத் தகடு கறுத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். அதைச் சுரண்டிப் பயனில்லை, ஹோல்டரையே மாற்றிவிடுங்கள். எர்த் ஒயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் பச்சை பூத்திருந்தால், போல்ட்டைக் கழற்றி எமரித் தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும்.

இழப்பு ஸ்டீயரிங் பக்கம் உள்ள சுவிட்ச் வழியில் என்றால் ரிலேதான் (சிறு கரண்டில் இயங்கி, பெரிய கரண்டை இணைத்துவிடும் மின் சுவிட்ச்) நிரந்தரத் தீர்வு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து இழுக்கவும். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், சூடாகாது. எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வண்டி என்றால் கடையில் அதைச் சொல்லியே ரிலே கிட் வாங்குங்கள், இல்லாவிட்டால் டிம்மும் பிரைட்டும் மாறிப்போகும்.

கடைக்காரர் 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு போடச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அந்த ஒயரிங் அதைத் தாங்காது. ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது அதைவிட ஆபத்து, ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

பல்பில் 13 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மங்கலாகவே இருந்தால், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். ரிஃப்ளெக்டரில் வெள்ளிப் பூச்சு உரிந்து சாம்பல் நிறமாகியிருந்தால் ஒயரிங்கைக் குறை சொல்ல முடியாது, லைட் அசெம்பிளியையே மாற்ற வேண்டியதுதான்.