முலைக்காம்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே விஷயம்தான். எழுதும்போது மூன்றை விடாதீர்கள்: வயது, எத்தனை நாளாக, ஒரு பக்கமா இரண்டு பக்கமா. இவை இல்லாத கடிதத்துக்கு என்னால் ஊகம்தான் எழுத முடியும்.

கே: வயது 27, திருமணம் ஆகவில்லை. வயசுக்கு வந்ததிலிருந்தே இரண்டு காம்பும் நீளம். ஆபரேஷன் செய்துகொண்டால் பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா?

ப: செய்யும் முறையைப் பொறுத்தது. காம்புக்குள் பால் நாளங்கள் 10, 15 ஓடுகின்றன. நுனியைக் குறுக்கே வெட்டினால் அவையும் அறுபடும், தழும்பு மூடிவிடும். இன்னொரு முறையில், காம்பின் பக்கவாட்டில் மோதிரம் போலத் தோலை மட்டும் எடுத்துவிட்டு மேல் ஓரத்தைக் கீழே இறக்கித் தைப்போம். டெய்லர் சட்டைக் கையின் நடுவில் ஒரு பட்டையை எடுத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துக் குட்டையாக்குவாரே, அப்படி. இதில் நாளங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் பால் வரும் என்று எந்த சர்ஜனும் எழுதிக் கொடுக்க முடியாது. கர்ப்பமும் தாய்ப்பாலும் காம்பின் அளவை மாற்றும். அதனால் குழந்தை பெற்று, பால் நிறுத்தி ஆறு மாதம் கழித்து முடிவு செய்வது நல்லது என்பேன். நீளமான காம்பு நோய் இல்லை. செய்துகொண்டால், எடுத்த துண்டு பயாப்ஸிக்கு, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் திசுச் சோதனைக்கு, போகிறதா என்று கேளுங்கள்.

கே: எவ்வளவு நேரம் ஆகும்? ஆஸ்பத்திரியில் தங்க வேண்டுமா?

ப: மரத்துப்போக ஊசி போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம். அன்றே வீட்டுக்குப் போகலாம். வீக்கம் வடிய இரண்டு, மூன்று வாரம்.

கே: என் மகளுக்கு 15 வயது. லீவில் செய்துவிடலாமா?

ப: வேண்டாம். மார்பு இன்னும் வளர்கிறது. 18 தாண்டியபின், அவளே கேட்டால் பார்க்கலாம்.

கே: காம்பு தடித்து, அரிப்பாக இருக்கிறது. ஆயின்மென்ட் போட்டும் சரியாகவில்லை. ஆபரேஷன் செய்து சிறிதாக்கிவிடலாமா? செலவு எவ்வளவு?

ப: வயது இல்லை, எந்தப் பக்கம் என்று இல்லை, எத்தனை மாதம் என்று இல்லை. செலவை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நான் பயப்படுவது இந்த மாதிரிக் கடிதத்துக்குத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா வந்தார். கைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மேஜையில் வைத்தார். பற்பசைபோல அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழிந்து தீர்த்த டியூப். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய ஸ்டீராய்டு ஆயின்மென்ட், அது நான்காவது. இடது காம்பு மட்டும் சிவந்து செதிலாகி, நுனி தேய்ந்திருந்தது. உள்ளாடையில் காய்ந்த மஞ்சள் கறை. போட்டால் பத்து நாள் அடங்குகிறது, அப்புறம் திரும்பி வருகிறது என்றார். பயாப்ஸியில் பேஜட் நோய் என்று வந்தது. காம்பில் படை மாதிரி தெரியும் புற்றுநோய் அது. பெரும்பாலும் மார்புக்குள்ளும் புற்றுநோய் இருக்கும். ஜேம்ஸ் பேஜட் என்ற இங்கிலாந்து சர்ஜன் 1874-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். நூற்றைம்பது வருடம் ஆகியும் நம் பெண்கள் மாதக்கணக்கில் டியூபைப் பிழிந்துகொண்டிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுக்கும் கடைக்காரரும், மார்பைப் பார்க்காமலே எழுதிக் கொடுக்கும் டாக்டரும் இதற்குப் பொறுப்பு.

எக்ஸிமா என்ற சாதாரணத் தோல் படை பெரும்பாலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வரும். பேஜட் ஒரு பக்கத்தில், காம்பிலேயே தொடங்கி வெளியே பரவும். ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தடித்தாலும், உள்ளே இழுத்தாலும், இரத்தம் கசிந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன், பயாப்ஸி. அதற்கு முன் அழகு ஆபரேஷன் பேச்சே கூடாது. இந்த வாரமே ஒரு சர்ஜனைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம்.

கே: ஆண், 23 வயது. ஜிம்முக்குப் போகிறேன். பனியனில் காம்பு உப்பித் தெரிகிறது.

ப: உப்புவது பெரும்பாலும் காம்பு இல்லை, கருவட்டத்துக்கு அடியில் உள்ள சுரப்பித் திசு. காம்பை மட்டும் வெட்டினால் பிரச்சினை அப்படியே இருக்கும். ஜிம்மில் தசை வளர ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் உடனே காட்டுங்கள், ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். திசுவை எடுத்தால் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கே: உணர்ச்சி போய்விடுமா? கறுத்து உதிரும் என்கிறார்களே?

ப: மரப்பு பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் சரியாகும். சிலருக்கு நிரந்தரமாகக் குறையும், சிலருக்குக் கூசும். இரத்த ஓட்டம் நின்று காம்பு கறுப்பது அபூர்வம். ஆனால் சிகரெட் பிடிப்பவருக்கும், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவருக்கும், மார்பில் முன்பே ஆபரேஷன் ஆனவருக்கும் அந்த ஆபத்து கூடும். சிகரெட்டை முன்னும் பின்னும் நான்கு வாரம் விடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தக் கூடாது. கட்டுப் பிரித்ததும் நீலமாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கே: பியூட்டி பார்லரிலேயே குறைந்த செலவில் செய்கிறார்களாமே?

ப: போகாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள், மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெட்டிய துண்டைக் குப்பையில் போடும் இடத்தில் யாரும் பயாப்ஸி பார்ப்பதில்லை.

கே: இருபது நாளில் கல்யாணம். அதற்குள் ஆறிவிடுமா?

ப: ஆறாது. கல்யாணம் முடிந்து, அப்போதும் உங்களுக்கே வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள்.