வீட்டு அறையில் பத்துப் பன்னிரண்டு மீன் தொட்டிகள்: ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட்டர், ஃபில்டர் வேண்டுமா?

வேண்டாம். தொட்டிகள் பத்தைத் தாண்டினால் அறையையே சூடாக்குங்கள். சுவரிலும் கூரையிலும் வெப்பம் கசியாதபடி தெர்மாகோல் பலகை பதித்து, தெர்மோஸ்டாட் வைத்து அறையை 26 டிகிரி செல்சியஸில் நிறுத்தினால் போதும். சூடான காற்று மேலே தங்கும். எனவே அதிக வெப்பம் விரும்பும் டிஸ்கஸ் மீன் மேல் தட்டுக்கு, குறைந்த வெப்பம் போதுமான கோரிடோரஸ் மீன் கீழ்த் தட்டுக்கு.

வடிகட்டலுக்கு வலுவான ஒரே காற்று பம்ப், சுவரைச் சுற்றி பிவிசி குழாய், தொட்டிக்கொரு வால்வு, காற்றுக் குமிழிகளால் தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியே இழுக்கும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி பம்பைக் கெடுத்துவிடும்.

பலர் தவறுவது ஸ்பாஞ்சைக் கழுவுவதில்தான். பழுப்பு வண்டலைப் பார்த்ததும் குழாயடியில் பளிச்சென்று அலசிவிடுகிறார்கள். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்த ஸ்பாஞ்சில். குழாய்நீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுத்து, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். புதுத் தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் புதுத் தொட்டிக்கு மாற்றிக்கொள்ள, பழைய தொட்டியில் ஒரு ஸ்பாஞ்சை எப்போதும் உபரியாக ஓடவிடுகிறேன்.

வாரம் கால் பங்கு நீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கிய நீரால். தொட்டிகளைச் சுமக்கும் தாங்கியை மட்டும் மலிவாகப் பார்க்காதீர்கள்: 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ, கண்ணாடி எடை தனி.