இரவு நீரோட்டத்தை வைத்துக் குழாய்க் கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நள்ளிரவுக்குப் பின் ஒரு குடியிருப்புப் பகுதிக்குள் நுழையும் தண்ணீரின் மிகக் குறைந்த அளவைத்தான் ‘குறைந்தபட்ச இரவு நீரோட்டம்’ என்கிறார்கள். பகுதியின் எல்லை வால்வுகளை மூடி, ஒரே நுழைவுக் குழாயில் மீட்டர் வைத்து, பெரும்பாலும் 2 முதல் 4 மணிக்குள் அளப்பார்கள். அந்நேரம் குளியலோ சமையலோ இல்லை. ஓடுவதில் பெரும்பங்கு கசிவுதான். பயன்பாடு குறைவதால் குழாயில் அழுத்தம் ஏறி, கசிவும் கூடும். பகல் சந்தடியில் காதில் விழாத சொட்டுச் சத்தம், வீடு அடங்கியதும் கேட்பதைப் போல.

ஆனால் கசிவு எந்த வீட்டில் என்று அந்த மீட்டர் சொல்லாது. அதற்கு மக்கள் கை கொடுக்க வேண்டும். படுக்குமுன் எல்லாவற்றையும் மூடி வீட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு, காலையில் குழாயைத் திறக்குமுன் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டி. அதில் சாயம் கலந்து 15 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள்; கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே வால்வு சரியாக மூடவில்லை. நிமிடத்துக்கு 1 லிட்டர் போனாலே நாளுக்கு 1,440 லிட்டர்!

விட்டுவிட்டு விநியோகம் நடக்கும் இடத்தில் இந்த அளவீடு ஏமாற்றும்: வீட்டுத் தொட்டிகளில் நிரம்புவதும் கசிவாகத் தோன்றும்.

தெருவில் ஈரமில்லை என்றால் கசிவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணிலோ சாக்கடையிலோ இறங்கும் கசிவு, மேலே தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும்.