பார்லி அரிசியும் பாண் ஈஸ்ட்டும் பியருக்குப் போதுமா?

நுவரெலியாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டில் பியர் தயாரிப்பதற்கு அடிப்படையில் என்னென்ன தேவை, கடையில் விற்கும் பார்லி அரிசியும் பாண் போடும் ஈஸ்ட்டும் போதாதா என்று. போதாது. காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வீட்டுப் பாவனைக்கு பியர் தயாரிக்க உரிமம் கேட்காத இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில்தான் நான் இதைப் பழகினேன். இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம் என்பதால், ஊர் திரும்பிய பிறகு அதை விட்டுவிட்டேன்.

தேவையான பொருட்கள் நான்கு: மால்ட், ஹொப்ஸ், தண்ணீர், ஈஸ்ட்.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. தானியத்தை ஊறவைத்துச் சில நாட்கள் முளைக்கவிட்டால், முளைக்கு உணவூட்டுவதற்காக மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியங்கள் அதற்குள் உருவாகின்றன. முளை அந்த மாச்சத்தைத் தின்று தீர்ப்பதற்குள் சூடான காற்றில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, பதம் பார்த்துச் சூடு காட்டும் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வேலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காத காரியமல்ல. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தேயிலையில் சூடு நொதியங்களைச் சாகடிக்கிறது, மால்ட்டில் மிதமான சூடு அவற்றை உறங்க வைக்கிறது. நொறுக்கிய மால்ட்டை 65 முதல் 68 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அவை விழித்துக்கொண்டு மாச்சத்து முழுவதையும் இனிப்பாக்கிவிடும். 20 லீட்டர் பியருக்கு 4 முதல் 5 கிலோ வரை மால்ட் வேண்டும். நீங்கள் சொல்லும் பார்லி அரிசியோ மேல்தோலைத் தீட்டியது, அது முளைக்காது. காய்ச்சினால் நீர்க்கடுப்புக்குக் குடிக்கும் கஞ்சிதான் கிடைக்கும்.

ஹொப்ஸ் ஒரு கொடியின் பெண்பூ. கசப்பையும் மணத்தையும் தருவதோடு, கெடுக்கும் கிருமிகள் சிலவற்றையும் அது தடுக்கிறது. வடித்தெடுத்த இனிப்பான மால்ட் நீரில் அதை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். மணம் வேண்டுமானால் அடுப்பை அணைக்கும் தறுவாயில் இன்னொரு பிடி போட வேண்டும். கோடையில் நீண்ட பகல் இல்லாத இடத்தில் இக்கொடி சரியாகப் பூக்காது என்பதால், நம் மலைகள் எவ்வளவு குளிர்ந்தாலும் இங்கு அதைப் பயிரிட எண்ணுவது வீண்.

தண்ணீரைத்தான் எல்லோரும் பொருளாகவே கணக்கில் எடுப்பதில்லை. பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். நானும் அலட்சியமாக இருந்து பட்டேன். முதன்முறை குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தியதில், அதிலிருந்த குளோரின் மால்ட்டின் சேர்மங்களோடு கலந்து, 20 லீட்டரும் மருந்துக்கடை வாசம் அடித்தது. அன்றிலிருந்து தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து ஆறவிடுவதை வழக்கமாக்கிக் கொண்டேன். அடுத்து, தண்ணீரில் கரைந்துள்ள கனியுப்புகள் சுவையையே மாற்றிவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் தேநீர் போடும் கேத்தலில் வெள்ளையாகப் படிவு ஏறுவதையும், நம் பாறை ஊற்று நீரில் அது அரிதாகவே படிவதையும் இரண்டு ஊரிலும் இருந்தவர்கள் கவனித்திருப்பார்கள். உப்புக் குறைந்த மென்னீர், செக் நாட்டின் பில்சன் வகை போன்ற வெளிர்நிற பியருக்குப் பொருந்தும். இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரம் கசப்பு மிகுந்த ஏல் வகைக்கு (மிதமான சூட்டில் நொதிக்கும் பியர்) பெயர் பெற்றதோ ஜிப்சம் என்ற கனியுப்பு நிறைந்த அதன் கடின நீரால். 1881 இல் நுவரெலியாவில் பியர் ஆலை அமைந்ததற்கும் இந்த ஊற்று நீரும் குளிரும்தான் சாதகமாக இருந்தன என்பது என் கருத்து. மால்ட்டும் ஹொப்ஸும் எப்படியும் கடல் கடந்துதானே வந்தாக வேண்டும்!

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும் நுண்ணுயிர். 1516 இல் பவேரியாவில் பியருக்கு வகுத்த சட்டம் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் என மூன்றைத்தான் குறிப்பிட்டது. ஈஸ்ட்டின் வேலை என்னவென்று அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை. பாண் ஈஸ்ட்டும் ஏல் ஈஸ்ட்டும் ஒரே இனம்தான். ஆனால் பாண் ஈஸ்ட் மாவைச் சீக்கிரம் பொங்கவைப்பதற்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. பியரில் அது அடியில் சரியாகத் தங்காது, கலங்கலும் மாவு வாசமும் மிஞ்சும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 பாகை உகந்தது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை என்பதால், அங்கு குளிரூட்டியைவிடக் கம்பளிதான் அதிகம் உதவும். குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகை பியருக்கு 10 பாகையை ஒட்டிய குளிர் வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் அது சீனி: போத்தலில் நுரை கட்டுவதற்காக அடைக்கும்போது லீட்டருக்கு 6 அல்லது 7 கிராம் போடுவார்கள். நொதித்தல் முழுதாக முடிவதற்கு முன் அடைத்தாலோ, கைக்கு வந்த அளவில் அள்ளிப் போட்டாலோ, போத்தல் வெடிக்கும்.